வெள்ளவத்தையில் அப்பா உயிரோடு இருக்கிறார்

வெள்ளவத்தை, கொழும்பு
09.02.2003

அக்கா,

நேற்று நீங்கள் ரெலிபோனை அடித்து வைத்த சத்தம் இன்னும் என் காதுக்குள் இரைகிறது. நான் ஒரு வசனம்தான் தொடங்கினேன், அதை முடிக்கவும் விடவில்லை. திரும்ப எடுத்தால் தியாகராஜா அத்தான் எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். லண்டனில் அப்போது விடியவே இல்லை. உங்கள் மனுசனுக்குப் பொய் சொல்ல வராது, அவரை இதற்குள் இழுக்காதீர்கள். இங்கே ரெலிபோன் அப்பா உட்காருகிற கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கத்துவது அவருக்கும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை அடித்து வைக்க ஏலாது. கிழிக்கலாம், ஆனால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் எதற்காக லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்தேன்? ஜூலையில் உங்கள் மகள் தர்ஷினிக்குக் கலியாணம். அதற்கு அப்பாவைக் கூட்டிவர விசா அலுவல், கலியாணக் காட் அச்சடிக்கிற அலுவல், உங்களுடைய பிளவுஸ் தைக்கிற அலுவல். என் லீவை நீங்கள்தான் இப்படிப் பங்குபோட்டுத் தந்தீர்கள். இன்னுமொரு அலுவல் இருப்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

கட்டுநாயக்காவிலிருந்து வானில் வந்து இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்தது ஒரு அம்மா. தலையில் ஈரத் துவாய். மாடி மாறிவிட்டேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பிள்ளை, அதுதான் வீடு. வா."

பிறகு, ரயில் கார்ட்டாக இருந்த காலத்தில் பச்சைக்கொடி காட்டுகிற அதே முகத்தோடு சொன்னார். "இவ நகுலேஸ்வரி. மேல்மாடியிலை இருந்தவ. தை மாசம் நாங்கள் கலியாண எழுத்து முடிச்சிட்டம்."

அப்பாவுக்குச் சொதி கொடுத்துவிடுகிற 'மேல்மாடி மிஸ்' என்று ரெலிபோனில் கேள்விப்படுவோமே, அவர்தான். ஓய்வுபெற்ற நேர்ஸ். புருசன் செத்துப் பல வருசம். பிள்ளைகள் இல்லை.

எனக்கும் கோபம் வந்தது, அக்கா. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் உங்களுக்கு எடுத்தேன். நேற்றுச் சொல்லவந்த மிச்ச வசனம் இதுதான். கலியாணத்துக்கு வந்தால் இரண்டு பேருமாகத்தான் வருவார்களாம்.

வாணி


செவன் கிங்ஸ், லண்டன்
17.02.2003

வாணிக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் குப்பைக்கூடையில் தர்ஷினி கண்டுவிடுவாள்.

எழுபத்தாறு வயதில் எழுத்தாம். அதைச் சொல்லப் பச்சைக்கொடி முகமாம். உனக்கு இது பகிடியாகத் தெரிகிறது. எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

அம்மாவின் செத்தவீட்டில் நீ நின்றாய். நான் நிற்கவில்லை. அகதி வழக்கு முடியாமல் இந்த நாட்டைவிட்டு அசைய ஏலாமல் கிடந்தேன். கடைசியில் ஒரு வீடியோ வந்தது. அந்த ஹோல், அந்த ஜன்னல் கம்பி, வாசல் பக்கமாக அம்மாவின் தலை, சுற்றிவர அழுகிற சனம். எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று உன் அத்தானைக் கேள். அம்மாவை வளர்த்திக் கிடத்தியிருந்த அதே ஹோலில் இப்போது ஒருத்தி ஈரத்தலையோடு நின்று கதவு திறக்கிறா. நீ அதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறாய்.

ஜூலையில் கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை பவித்திரனின் தாய் வந்து, "இவ ஆர்?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அந்த மனுசியை உனக்குத் தெரியும். நாள், நட்சத்திரம், இராகுகாலம் பார்க்காமல் பால்கூடக் காய்ச்சாத மனுசி. வெம்பிளியிலிருந்து விம்பிள்டன் வரை இதைப் பேசித் தீர்ப்பார்கள். என் மகளின் கலியாணத்தில் அப்பாவின் கலியாணத்தைப் பார்க்க வருவார்கள்.

அவருக்குச் சொல்லு. வந்தால் தனிய வரட்டும். இல்லாவிட்டால் அங்கேயே சொதி குடித்துக்கொண்டு இருக்கட்டும். தர்ஷினிக்கு ஒன்றும் எழுதாதே.

அக்கா


வெள்ளவத்தை
26.02.2003

அக்கா,

உங்கள் கட்டளையை அப்பாவுக்கு அப்படியே சொன்னேன். "அப்ப அவ என்னைக் கூப்பிடேல்லை" என்றார். பேப்பரை விரித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நீங்கள் கடைசியாகக் கண்ட கொழும்பு இது இல்லை. சண்டை நின்றிருக்கிறதல்லவா, காலி வீதி முழுக்க எங்கள் ஆட்கள்தான். கையில் தண்ணீர்ப் போத்தல், காலில் வெள்ளைச் சப்பாத்து, வாயில் "லண்டனிலை இப்பிடி இல்லை". சீலைக்கடையில் செவன் கிங்ஸ்காரர் மூன்று பேரைக் கண்டு ஒளித்தேன். இராணுவக் காவலரண் மண்மூட்டைகளைப் பல சந்திகளில் எடுத்துவிட்டார்கள். பின்னேரங்களில் அப்பாவும் அன்ரியும் காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை சாப்பிடுகிறார்கள். ஆம், நகுலேஸ்வரியை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுகிறேன். 'ஒருத்தி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டா.

இன்னொன்று கேளுங்கள். போன ஐப்பசியில் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்போம். "ஓம்" என்பார். நாங்களும் மகள்மாரின் கடமையை முடித்துவிட்டுச் சமைக்கப் போவோம். அவர் விழுந்த சத்தம் மேல்மாடிக்குத்தான் கேட்டது. கதவை உடைப்பித்ததும், ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் நீங்கள் 'ஒருத்தி' என்கிற ஆள்தான்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். "சொன்னா என்ன செய்திருப்பியள்? ரெண்டு பேரும் ரெலிபோனிலை அழுதிருப்பியள்" என்றார். இதற்கு உங்களிடம் மறுமொழி இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் பிளவுஸ்கள் தைத்தாயிற்று. கை இறுக்கமாக இருக்கிறது என்று அன்ரி தையற்காரனோடு சண்டைபிடித்துப் பிரித்துத் தைப்பித்தா. உங்களைக் கண்டதே இல்லாத மனுசி, படத்தைப் பார்த்தே உங்கள் கையை அளந்துவிட்டா.

வாணி


செவன் கிங்ஸ்
10.03.2003

வாணிக்கு,

பிளவுஸ் எனக்கு வேண்டாம். அவவையே போடச் சொல்லு.

விழுந்தால் பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எடுத்துவிட்ட நன்றிக்கு எழுத்து முடிப்பதென்றால் அம்புலன்ஸ்காரனையும் அல்லவா முடித்திருக்கவேண்டும். என்னிடம் கணக்குக் கேட்க நீ ஆர்?

இந்தக் கிழமை அம்மாவின் ஆறாம் ஆண்டு. வழமைபோல லண்டன் தமிழ்ப் பேப்பரில் நினைவஞ்சலி போட்டிருக்கிறேன். கத்தரித்து இதற்குள் வைக்கிறேன். படம் நன்றாக வந்திருக்கிறது. கீழே பார். ஒவ்வொரு வருசமும் 'மீளாத் துயரில் கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்' என்றுதான் வரும். இந்த வருசம் பிள்ளைகளிலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்குத்தான் துயரம் மீண்டுவிட்டதே, அவருடைய பெயர் அங்கே என்னத்துக்கு?

செத்தவீட்டுக்கு வர ஏலாத எனக்கு இந்த அஞ்சலி ஒன்றுதான் மிச்சம். அதில் ஆர் நிற்கலாம், ஆர் நிற்கக்கூடாது என்று நான்தான் சொல்வேன். அவரிடம் காட்டு.

அக்கா


வெள்ளவத்தை
19.03.2003

அக்கா,

காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. கடித உறையைக் கீழேயிருந்து எடுத்துவந்தது அப்பா. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பிரித்துவிட்டார். மகளின் எழுத்து என்று ஆசையில் பிரித்திருக்கிறார். கடிதத்தை வாசிக்கவில்லை, கத்தரித்த துண்டை மட்டும் கையில் வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"அம்மாவின்ரை படம் வடிவா வந்திருக்கு" என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். நானும் அன்ரியும் தேடிப்போனோம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் இருந்து ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம். பசி இல்லை என்றார். இன்றுவரை சரியாகச் சாப்பிடவில்லை.

நாற்பது வருசம் அம்மாவோடு வாழ்ந்த மனுசனுக்கு அம்மாவின் சாவில் துயரம் இல்லை என்று நீங்கள் பேப்பரில் போட்டிருக்கிறீர்கள். இதைவிட அவருக்கு நேரே ஒரு அறை விட்டிருக்கலாம். எனக்கு உங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை லண்டன் வருகிறேன். என்னை எடுக்க அத்தானை ஹீத்ரோவுக்கு அனுப்பவேண்டாம். உங்கள் பிளவுஸ்களைத் தபாலில் போடுகிறேன்.

வாணி


செவன் கிங்ஸ்
01.04.2003

வாணி,

நீ ரெலிபோனை எடுக்கிறாய் இல்லை. இதையாவது வாசி. அவசரம்.

சனிக்கிழமை காலை நான் விளைமீன் பொரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் கிருஷ்ணராசா அண்ணையின் மனுசி. வெள்ளைச் சீலை. கையில் பெரிய சட்டி நிறைய இடியப்பம். பின்னால் கோயில் ஆட்கள் நாலைந்து பேர். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "எடி குணவதி, உன்ரை அப்பர் போனதை ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. நாங்கள் பேப்பரிலைதானே பாத்தனாங்கள்" என்று ஓவென்று அழத்தொடங்கிவிட்டா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒவ்வொரு வருசமும் இருந்த 'கணவர்' இந்த வருசம் இல்லை. ஆகவே கணவரும் போய்விட்டார். எங்கள் சனம் பேப்பரில் வேறென்ன வாசிக்கிறது, செத்தவர்களின் கீழே இருக்கிற பெயர்களைத்தானே.

இல்லை, அவர் இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியென்றால் பெயரை ஏன் வெட்டினாய் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்ல? அதற்கிடையில் நானும் அழத்தொடங்கிவிட்டேன். சும்மா இல்லை, வாணி. நிறுத்த ஏலாத அழுகை. அம்மாவுக்காக இங்கே தனியே அழுததற்கும் சேர்த்து அழுதேனோ தெரியாது. அந்தக் கிழவன் கல்லில் இருந்தார் என்று நீ எழுதியது வேறு கண்ணுக்குள் வந்து நின்றது. எனக்கே என்மேல் ஆத்திரம். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு அழுகிறேனே என்று அழுகிறேன்.

செத்தவீட்டில் மீன் மணக்கிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கு மட்டும் அசைகிறது. நேரம் பார்த்து உன் அத்தான் பெற்றோல் ஸ்ரேசன் ஷிப்ட் முடித்து வந்து, எல்லோரையும் பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டார். நான், "அப்பா" என்று சொல்லிவிட்டேன்.

இனிக் கேள். பவித்திரனின் தாய்க்குச் செய்தி போய்விட்டது. பேத்தியின் கலியாணத்தை ஆண்டுத் திவசம் முடியாமல் வைக்க ஏலாதாம். ஜூலை வேண்டாம், அடுத்த வருசம் பார்ப்போம் என்கிறா. தர்ஷினி உண்மையை அறிந்துவிட்டாள். அம்மப்பாவோடு பேசலாம் என்று கொழும்புக்கு எடுத்து உன்னுடைய அன்ரியோடு பேசியிருக்கிறாள். எனக்கு விளங்காது என்று நினைத்து இங்கிலீசில் என்னை வேகவேகமாகத் திட்டினாள். எல்லாம் விளங்கியது. கலியாணம் தள்ளினால் பவித்திரனும் தானும் பதிவோடு நிறுத்திவிட்டுத் தனியே போய் இருப்பார்களாம், நான் அந்தப் பக்கம் வரக்கூடாதாம்.

அப்பாவைக் கொண்டுவந்து பவித்திரனின் தாய்க்கு முன்னால் நிறுத்தினால்தான் இது தீரும். கலியாணத்துக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பா, வாயால் சொன்னால் நம்பமாட்டா. நீ சொன்னால் அப்பா கேட்பார். திரும்பப் போய்க் கூட்டிக்கொண்டு வா. லீவு கேள்.

அக்கா


விம்பிள்டன், லண்டன்
04.04.2003

அக்கா,

மாட்டேன்.

கடிதத்தை ரயிலில் வாசித்தேன். அத்தான் "ஆர் செத்தது?" என்று கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி தள்ளி இருந்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. நீங்கள் இவ்வளவு எழுதியும், அப்பா சாப்பிடுகிறாரோ என்று ஒரு வரி கேட்கவில்லை. மண்டபம், மாப்பிள்ளையின் தாய், சனம். அவரைச் சாகடித்ததும் சனத்துக்குப் பயந்து, இப்போது எழுப்பச் சொல்வதும் சனத்துக்குப் பயந்து.

நான் போய் என்ன சொல்லவேண்டும்? "அப்பா, உங்களை உயிரோடை காட்டினாத்தான் கலியாணம் நடக்குமாம், ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போங்கோ" என்றா? அவர் என்ன, விசா ஒவ்வீஸில் காட்டுகிற பேப்பரா?

பெயரை வெட்டியது நீங்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கள். கொழும்புக்கு விமானம் உங்களுக்கும் ஓடும். கையில் பிரிட்டிஷ் பாஸ்போட் வந்து எத்தனையோ காலம், ஒருதரம் போனீர்களா? அம்மா இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது என்பீர்கள். அப்பா இருந்தார், அக்கா. அந்த வீட்டில் அப்பா இருந்தார்.

வாணி


செவன் கிங்ஸ்
09.04.2003

வாணிக்கு,

ரிக்கெற் போட்டாயிற்று. மே மாதம் போகிறேன். உன் நெஞ்சு கல். பிளவுஸ் பார்சல் கிடைத்தது, நான் பிரிக்கவில்லை.

அக்கா


வெள்ளவத்தை
13.05.2003

வாணி,

அப்பா வருகிறார். எப்படிச் சம்மதித்தார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன்.

வந்து இறங்கிய அன்று கதவைத் திறந்தது அவதான். இந்தத் தரம் தலை காய்ந்திருந்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கதிரையில் இருந்தார், திரும்பவில்லை. "லண்டனிலை இருந்து உங்கட மகள் வந்திருக்கிறா" என்று அவ சொன்னா. "லண்டனிலை இருந்து வந்த மகள் பங்குனியிலை திரும்பிப் போட்டாளே" என்றார். அவ்வளவுதான், இரண்டு நாளாக என்னோடு ஒரு சொல்லும் இல்லை. எனக்கு முன்னால் தேத்தண்ணி குடிப்பார், பேப்பர் பார்ப்பார், நான் கதைத்தால் ரயிலைப் பார்ப்பார்.

சமையலுக்கு உதவி செய்யலாம் என்று குசினிக்குள் போனேன். அவ கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி நின்றா. "அந்தப் பேப்பர் வந்த பிறகு இந்த மனுசனை ஒரு பிடி சோறு தின்னப்பண்ண நான் பட்டபாடு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அவரின்ரை மகள், எத்தினை நாளும் இருங்கோ. ஆனா என்ரை குசினிக்குள்ளை இப்ப வரவேண்டாம்" என்றா. என்ரை குசினியாம். எனக்கு வந்த கோபத்துக்குச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் வெளியே வந்து நின்றேன். கீழே தெரு முழுக்க வெசாக் பண்டிகைக்குக் காகித விளக்குக் கூடு கட்டுகிறார்கள். எல்லா வீட்டிலும் வெளிச்சம்.

பிளவுஸை இங்கே வைத்துத்தான் போட்டுப்பார்த்தேன். கை அளவாக இருக்கிறது. அதற்கும் எனக்குக் கோபம்.

நேற்று கொமினிகேசன் கடையிலிருந்து பவித்திரனின் தாய்க்கு ரெலிபோன் எடுத்தேன். அப்பா உயிரோடு இருக்கிறார், மறுகலியாணம் செய்துவிட்டார், அந்த ஆத்திரத்தில் நான்தான் பெயரை வெட்டினேன் என்று நேராகச் சொல்லிவிட்டேன். கடையில் நின்ற சனமும் கேட்டது. அந்த மனுசி எல்லாவற்றையும் இன்னொருதரம் திருப்பிக் கேட்டா. பிறகு, "ஆளைக் கொண்டுவாங்கோ, பாப்பம்" என்றா. "ஒராள் இல்லை, ரெண்டு பேர் வருவினம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இனிச் சனம் பேசுகிறதைப் பேசட்டும். அவவை நான் அம்மா என்று கூப்பிடமாட்டேன், அன்ரியும் இல்லை. மண்டபத்தில் ஆராவது கேட்டால், "அப்பாவின்ரை மனுசி" என்பேன். அதுதானே உண்மை.

இனி அப்பா.

மூன்றாம் நாள், இன்று காலை, நான் ஹோலின் நடுவில் நின்றேன். அத்தனை தரம் வீடியோவில் பார்த்த ஹோல். நேரில் சின்னதாக இருக்கிறது. வாசல் பக்கம்தானே அம்மாவின் தலை என்று நினைத்து அந்த இடத்தில் போய் இருந்தேன். நிலத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அவ கண்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

"அங்கையில்லை" என்றார் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன்.

"தலை ஜன்னல் பக்கம். வீடியோக்காரன் மற்றப் பக்கத்திலை நிண்டு எடுத்தவன். அதுதான் உனக்கு மாறித் தெரிஞ்சிருக்கு. இஞ்சாலை வா."

அவருடைய கதிரை நிற்கிறதே, ஜன்னலடியில். அம்மாவின் தலை இருந்த இடம் அது. ஆறு வருசமாக அவர் அந்த இடத்தில்தான் இருக்கிறார். நான் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இவ்வளவு காலமும் பிழையான பக்கத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன், வாணி.

அப்பா என் பக்கம் குனிந்து கேட்டார். "என்ரை செத்தவீட்டுக்குச் சனம் வந்ததோ?"

நீ சொல்லியிருக்கிறாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைச் சீலை, மீன் பொரியல், உன் அத்தான் கேட்ட கேள்வி. அவர் சிரிக்கவில்லை. என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். இடியப்பம் என்றேன். சொதியோடையோ என்றார். ஓம் என்றேன்.

"நீ அழுதனியோ?"

"ஓம்."

"சனத்துக்காண்டியோ?"

"இல்லை, அப்பா."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே ரயில் ஒன்று போனது, அவர் அதைப் பார்க்கவில்லை. பிறகு கதிரையைப் பிடித்து எழும்பி, குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், என்ரை பாஸ்போட் எங்கை? உம்மடையையும் எடும்."

அக்கா